காலி கேலரிக்குச் செலவு செய்தவர்கள்: ஒரு கல்லூரி வாலிபால் அணியின் ஐம்பது ஆண்டுக் கதை

1/
கொஞ்ச நாள் முன்னாடி ஓ.பி.யில் ஒரு அப்பா தன் மகளைக் கூட்டிட்டு வந்தார். கல்லூரி வாலிபால் அணியில் ஆடுற பொண்ணு. குதிச்சு இறங்கும்போது முழங்கால் வலி. பார்த்தேன். முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கும் தசைநாணில் பிரச்சனை. குதித்து ஆடும் விளையாட்டுக்காரர்களுக்கு வருவதால் இதற்கு 'ஜம்பர்ஸ் நீ' என்றே பெயர். பயப்பட ஒன்றுமில்லை, கொஞ்ச நாள் குதிப்பதைக் குறைத்து, முறையாகத் தொடைத் தசைப் பயிற்சி செய்தால் சரியாகும் என்றேன்.

2/
அப்பா கேட்டார்: "விட்டுடச் சொல்லுங்க டாக்டர். சிமெண்ட் தரையில ஆட விடுறாங்க. கோச்னு தனியா யாரும் கிடையாது. பொண்ணுங்க மேட்ச்சை யார் வந்து பார்க்கிறாங்க? பார்க்க ஆள் இல்லாததுக்கு காலேஜ் எதுக்குச் செலவு பண்ணும்?"

அவர் கேட்டதில் கோபம் இல்லை, கவலைதான். ஆனால் அந்தக் கடைசிக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு நல்ல பதில் இருக்கு. நீளமான கதை. டீ ஒன்னு எடுத்துக்கிட்டு உட்காருங்க.

3/
முதலில் ஒரு காட்சி. 2023 ஆகஸ்ட் 30. அமெரிக்காவின் நடுவில் இருக்கும் நெப்ராஸ்கா மாநிலம், லிங்கன் நகரம். சோளமும் மாடும்தான் அந்த மாநிலத்தின் அடையாளம். அங்கே பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தின் நடுவில் ஒரு வாலிபால் கோர்ட் போட்டிருக்கிறார்கள். ஆடப்போவது கல்லூரிப் பெண்கள்.

வந்த கூட்டம் 92,003 பேர்.

4/
அந்த மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 20 லட்சம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய இருபது பேருக்கு ஒருத்தர். அமெரிக்காவில் எந்தப் பெண்கள் விளையாட்டுக்கும் அதுவரை இவ்வளவு பேர் கூடியதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு பார்சிலோனாவில் பெண்கள் கால்பந்துப் போட்டிக்கு வந்த 91,648 பேரையும் இது தாண்டியது.

இதைப் பார்த்து "அங்கெல்லாம் ரசனை அதிகம், அதான் காசு கொட்டுறாங்க" என்று நினைப்போம். நடந்தது தலைகீழ். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

5/
கதை ஒரு டாக்டராக ஆசைப்பட்ட பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. பேட்ஸி மிங்க். ஹவாய் தீவுகளில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பெண். 1940களில் படிக்கப் போன இடங்களில் ஒன்று, சொன்னால் நம்ப மாட்டீங்க, இதே நெப்ராஸ்கா பல்கலைக்கழகம்.

அங்கே வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்குத் தனி விடுதி. அதை எதிர்த்து மாணவர்களையும் பெற்றோர்களையும் திரட்டிப் போராடினார். பல்கலைக்கழகம் இறங்கி வந்தது. ஆனால் தைராய்டு பிரச்சனையால் அறுவை சிகிச்சை தேவைப்பட்டு ஹவாய்க்கே திரும்பிப்போய் அங்கே பட்டம் முடித்தார்.

6/
விலங்கியலும் வேதியியலும் படித்துவிட்டு 1948ல் மருத்துவக் கல்லூரிகளுக்கு வரிசையாக விண்ணப்பித்தார். ஒன்றுகூட இடம் தரவில்லை. காரணம் மார்க் இல்லை. பெண் என்பதுதான்.

அன்றைக்கு அது சட்டவிரோதமும் இல்லை. பெண் என்றால் சேர்க்க மாட்டோம் என்று ஒரு கல்லூரி தாராளமாகச் சொல்லலாம்.

டாக்டர் ஆக முடியாதவர் சட்டம் படித்தார். 1964ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வெள்ளையர் அல்லாத பெண் ஒருவர் அந்தச் சபைக்குப் போனது அதுதான் முதல் முறை.

7/
1972 ஜூன் 23. எடித் கிரீன், பேட்ஸி மிங்க், செனட்டில் பர்ச் பே ஆகியோரின் உழைப்பில் வந்த கல்விச் சட்டத் திருத்தம் கையெழுத்தாகிறது. அதில் 'டைட்டில் நைன்' என்ற ஒரு பகுதி. அதன் மையமான வாக்கியம் ஆங்கிலத்தில் வெறும் 37 சொற்கள். சாராம்சம் இதுதான்: அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் பால் அடிப்படையில் யாரையும் ஒதுக்கக் கூடாது.

அந்த 37 சொற்களில் 'விளையாட்டு' என்ற சொல்லே இல்லை. ஆனால் விளையாட்டும் கல்லூரி நடத்துகிற விஷயம்தானே? அப்போ அதற்கும் பொருந்தும் என்றானது. அங்கேதான் சண்டை ஆரம்பிச்சது.

8/
ஆண்கள் விளையாட்டைக் கெடுத்துவிடுவார்கள் என்று பெரிய எதிர்ப்பு. 1975ல் இந்தச் சட்டத்தைப் பலவீனமாக்க ஒரு முயற்சி அவையில் ஓட்டெடுப்புக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து மிங்க்கின் மகளுக்கு வெளியூரில் மோசமான கார் விபத்து என்று செய்தி. அம்மா அவையை விட்டு ஓடினார். 212க்கு 211. ஒரே ஓட்டில் அவர் தரப்பு தோற்றது.

நிலைமையை அறிந்து அவை மறுபடியும் ஓட்டெடுப்பு நடத்தியது. இந்த முறை 215க்கு 178. சட்டம் பிழைத்தது. மகளும் பிழைத்தார்.

9/
ஒரு டாக்டராக எனக்கு இதில் தனி நெகிழ்ச்சி உண்டு. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டாக்டர் பட்டம் வாங்கி வெளியே வந்தவர்களில் பத்தில் ஒருவர்தான் பெண். 2019ல் அங்கே மருத்துவ மாணவர்களில் பெண்கள் பாதியைத் தாண்டினார்கள். மிங்க்குக்கு மூடப்பட்ட கதவு, அவர் போட்ட சட்டத்தால் மற்றவர்களுக்குத் திறந்தது. 2002ல் அவர் இறந்த பிறகு அந்தச் சட்டத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

சரி, வாலிபாலுக்கு வருவோம்.

10/
வாலிபால் பிறந்த கதை தெரியுமா? 1895, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் ஹோலியோக். ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த வில்லியம் மார்கன், கொஞ்சம் வயதான வியாபாரிகளுக்காகக் கண்டுபிடித்த ஆட்டம். கூடைப்பந்து அவர்களுக்கு மூச்சு வாங்கியது. இடிபடாமல், நடுவில் வலை கட்டி ஆடலாமே என்று யோசித்தார்.

பக்கத்து ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி வழியாக இந்த ஆட்டம் உலகம் சுற்றியது. அதே பள்ளியில் படித்த ஹாரி பக் என்பவர்தான் 1920ல் மெட்ராஸில் உடற்கல்விக் கல்லூரி தொடங்கியவர். இன்றைக்கு நந்தனத்தில் இருக்கிறதே, அதே ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி. எதற்குச் சொல்கிறேன் என்றால், ஒரு விளையாட்டை ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பந்தை அனுப்பினால் போதாது, சொல்லிக்கொடுக்க ஆளை உருவாக்கணும் என்பது நூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்த விஷயம்.

11/
டைட்டில் நைன் வந்ததும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரு நெருக்கடி. ஆண்களின் கால்பந்து அணி ஒன்றிலேயே நூறு பேர் இருப்பார்கள். பெண்களுக்கும் ஈடாக வாய்ப்புத் தர வேண்டும். எந்த விளையாட்டைச் சேர்ப்பது? ஒரு உள்ளரங்கு, ஒரு வலை, ஒரு டஜன் பேர் இருந்தால் போதும் என்பதால் பல இடங்களில் வாலிபால் உள்ளே வந்தது.

நெப்ராஸ்காவில் பெண்கள் வாலிபால் அணி 1975ல் தொடங்கியது. கூட்டம் கேட்டதால் இல்லை. சட்டம் கேட்டதால்.

12/
அவர்களுக்குக் கிடைத்த இடம் கொலிசியம் என்ற பழைய அரங்கம். 1920களில் கட்டியது. கூடைப்பந்து அணிக்கு 1976ல் புது அரங்கம் கிடைத்ததும் பழசு வாலிபாலுக்கு வந்தது. அண்ணன் சட்டை சின்னதானால் தம்பிக்குன்னு நம்ம வீட்டில் நடக்குமே, அந்த மாதிரி.

ஆனால் அந்தப் பழைய சட்டையை அவர்கள் தங்களுக்குன்னு தைத்துக்கொண்டார்கள். நாலாயிரம் பேர் உட்காரும் சின்ன அரங்கம். கூரை தாழ்வு. பார்வையாளர்கள் கோர்ட்டை ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். சத்தம் காதைப் பிளக்கும்.

13/
1977ல் டெர்ரி பெட்டிட் என்பவரைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்தார்கள். அவர் இலக்கியம் படித்தவர், கவிதை எழுதுபவர். 1981ல் என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பு பெண்கள் வாலிபாலுக்கு முதல் சாம்பியன்ஷிப் நடத்தியது. முதல் ஏழு ஆண்டும் கோப்பை கலிபோர்னியாவுக்கோ ஹவாய்க்கோதான் போனது. கடற்கரை, வெயில், வருஷம் முழுக்க ஆடும் பழக்கம் எல்லாம் அங்கே. நெப்ராஸ்காவில் இருப்பது பனி.

14/
பெட்டிட்டின் அணி 1986ல் இறுதிப்போட்டியில் தோற்றது. 1989ல் மறுபடியும் தோற்றது. முதல் கோப்பை எப்போது வந்தது தெரியுமா? 1995ல். அவர் சேர்ந்து 18 ஆண்டுகள் கழித்து.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. பதினெட்டு வருஷம்! எந்த நிர்வாகம் காத்திருக்கும்? நம்ம ஊரில் என்றில்லை, உலகத்தில் எங்கேயும் மூணு வருஷம் கோப்பை இல்லையென்றால் கோச்சை மாற்றுவார்கள். அங்கே விட்டு வைத்தார்கள். அவரும் அந்த நேரத்தில் அணியை மட்டும் வளர்க்கவில்லை, ஊரையும் வளர்த்தார். மாநிலப் பொதுத் தொலைக்காட்சி போட்டிகளைக் காட்டியது. சின்னக் கிராமத்துப் பெண்கள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள்.

15/
2000ல் ஜான் குக் பொறுப்பேற்றார். முதல் ஆண்டே ஒரு போட்டியிலும் தோற்காமல், 34க்கு 34 ஜெயித்துக் கோப்பை. அப்புறம் 2006, 2015, 2017. அவர் 25 ஆண்டுகள் இருந்தார். அதாவது 1977 முதல் 2024 வரை, 48 சீசன்களுக்கு மொத்தம் இரண்டே தலைமைப் பயிற்சியாளர்கள்.

2001லிருந்து சொந்த ஊரில் நடக்கும் சீசன் போட்டிகளுக்கு டிக்கெட் மிச்சம் இருந்ததே இல்லை. 300 போட்டிகளுக்கும் மேல் தொடர்ந்து ஹவுஸ்ஃபுல். 2013ல் கூடைப்பந்து அணி இன்னும் புது அரங்கத்துக்குப் போக, அவர்கள் விட்ட டிவேனி சென்டரை வாலிபாலுக்கென்றே மாற்றிக் கட்டி, இருக்கையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார்கள். அதுவும் நிறைந்தது.

16/
இப்போ வரிசையைப் பாருங்க.

முதலில் சட்டம்.
அடுத்து அரங்கம், அதுவும் பழசு.
அடுத்து சம்பளத்தோடு நிலையான கோச்.
அடுத்து வீராங்கனைகளுக்கு உதவித்தொகை.
அடுத்து டிவி.
கோப்பை 1995ல். ஹவுஸ்ஃபுல் 2001லிருந்து. 92,003 பேர் 2023ல்.

கூட்டம் வந்தபிறகு செலவு செய்வோம் என்று இருந்திருந்தால் 1975லேயே கதை முடிந்திருக்கும். பெண்கள் வாலிபாலில் லாபம் பார்த்த அரிதான அணிகளில் ஒன்றாக நெப்ராஸ்கா பின்னாளில் மாறியது. ஆனால் அந்த லாபம் பல பத்தாண்டுச் செலவுக்குப் பிறகு வந்த லாபம்.

17/
இதை ஒரு தடுப்பூசித் திட்டம் மாதிரி பாருங்க. ஊசி போட்ட மறுநாள் ஒரு மாற்றமும் தெரியாது. பணம் வீண் என்றுதான் தோணும். பத்து வருஷம் கழித்து வார்டில் அந்த நோய் இல்லாதபோதுதான் புரியும்.

ஹூப்பர் என்று நெப்ராஸ்காவில் ஒரு ஊர். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். அங்கிருந்து வந்த ஜோர்டன் லார்சன் நெப்ராஸ்காவுக்கு ஆடினார், 2006ல் கோப்பை வென்ற அணியில் இருந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் வாலிபாலில் முதல் முறையாகத் தங்கம் வென்றபோது கடைசிப் புள்ளியை அடித்தவர் அவர்தான்.

18/
கதை இவ்வளவு இனிப்பாக முடிந்தால் நான் டாக்டராகப் பாதிக் கடமைதான் செய்ததாக ஆகும். இந்த வரலாற்றில் இரண்டு வலி இருக்கு. அதையும் சொல்லணும்.

முதலாவது, ஃப்ளோ ஹைமன். 6 அடி 5 அங்குல உயரம். ஹூஸ்டன் பல்கலைக்கழகம் விளையாட்டு உதவித்தொகை கொடுத்த முதல் பெண். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியின் நட்சத்திரம். டைட்டில் நைன் சட்டத்தை வலுப்படுத்தச் சொல்லி வாஷிங்டன் போய் வாதாடியவர்.

19/
1986 ஜனவரி 24. ஜப்பானில் ஒரு லீக் போட்டி. மாற்று வீராங்கனை உள்ளே போக, ஹைமன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். அப்படியே சரிந்தார். வயது 31.

மாரடைப்பு என்று முதலில் நினைத்தார்கள். உடற்கூறாய்வில் தெரிந்தது வேறு. மார்ஃபான் சிண்ட்ரோம். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவர் பலவீனமாகிக் கிழிந்திருந்தது. உயிரோடு இருந்தவரை அவருக்கு இந்த நோய் இருப்பது யாருக்கும் தெரியாது.

20/
மார்ஃபான் உள்ளவர்கள் பலர் நெட்டையாக, நீளக் கை கால், நீள விரல்களோடு இருப்பார்கள். வாலிபாலும் கூடைப்பந்தும் தேடுவது அந்த உடலைத்தான்! அதனால் உயரமான பிள்ளைகள் எல்லாருக்கும் நோய் என்று பயந்துவிடாதீங்க, இது அரிதான மரபணுக் கோளாறு. ஆனால் குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், கண் லென்ஸ் விலகல், நெஞ்சுக்கூடு குழிவு மாதிரி ஏதாவது இருந்தால், ஒரு எக்கோ பரிசோதனை போதும். பெருந்தமனி விரிந்திருப்பது அதில் தெரியும்.

ஹைமன் இறந்த பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தார்கள். அவருக்கும் அதே நோய். அறுவை சிகிச்சை செய்தார்கள்.

'வசதி' என்று நான் சொல்லும்போது மரத்தரை, விளக்கு, வலை மட்டும் இல்லைங்க. சீசனுக்கு முன்னால் ஒரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பதும் வசதிதான்.

21/
இரண்டாவது வலி, பயிற்சியாளர்கள். டைட்டில் நைன் வருவதற்கு முன், அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் அணிகளுக்குக் கோச்சாக இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் பெண்கள். சம்பளம் பெரும்பாலும் சொற்பம், இல்லையென்றால் இல்லவே இல்லை.

சட்டம் வந்தது. பணம் வந்தது. அந்த வேலைக்கு மரியாதை வந்தது. உடனே ஆண்கள் வந்தார்கள். பெண் கோச்சுகளின் பங்கு பாதிக்கும் கீழே போனது. வேலை இலவசமாக இருந்தவரை பெண்கள் செய்தார்கள், சம்பளம் வந்ததும் கை மாறியது. இது நம்ம வீட்டுச் சமையலுக்கும் கல்யாண மண்டபச் சமையலுக்கும் உள்ள கதைதான்.

22/
1981ல் தொடங்கிய அந்தப் பெண்கள் சாம்பியன்ஷிப்பை, ஒரு பெண் தலைமைப் பயிற்சியாளர் வெல்ல எத்தனை வருஷம் ஆனது? 43 வருஷம்.

2024 டிசம்பர். அரையிறுதியில் பென் ஸ்டேட் அணி, முதல் இரண்டு செட் இழந்தும் நெப்ராஸ்காவை 3-2 என்று வீழ்த்தியது. இறுதிப்போட்டியில் எதிரே லூயிவில். இரண்டு அணிக்கும் கோச் பெண்கள். யார் ஜெயித்தாலும் வரலாறு. பென் ஸ்டேட் ஜெயித்தது. கோச் கேட்டி ஷூமாக்கர்-காலி.

23/
அந்த சீசன் நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு இரண்டாம் நிலை மார்பகப் புற்றுநோய். கீமோதெரபி எடுத்துக்கொண்டே அணியை நடத்தினார். (டாக்டராக ஒரு வார்த்தை: கீமோ எடுக்கும் எல்லாரும் இப்படி வேலைக்குப் போகணும் என்று அர்த்தம் இல்லை. உடம்பு ஒத்துழைக்காவிட்டால் ஓய்வெடுப்பதும் சிகிச்சைதான். யாரையும் இதைச் சொல்லி ஒப்பிடாதீங்க.)

அவர் 1999ல் அதே பென் ஸ்டேட் அணிக்காக ஆடிக் கோப்பை வென்ற மாணவி. தோற்ற லூயிவில் கோச் டேனி பஸ்பூம் கெல்லி, 2006ல் நெப்ராஸ்காவுக்காக ஆடிக் கோப்பை வென்ற மாணவி. 2025 தொடக்கத்தில் குக் ஓய்வு பெற்றதும் நெப்ராஸ்கா தன் அணியை ஒப்படைத்தது இவரிடம்தான்.

24/
கவனிச்சீங்களா? அந்தப் பல்கலைக்கழகங்கள் போட்ட பணத்தில் வளர்ந்த பெண்களே திரும்பி வந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். கோப்பையை அலமாரியில் வைக்கலாம், அரங்கம் பழசாகும். ஒரு கோச் உருவாக்கும் அடுத்த கோச்தான் செலவு செய்ததில் மிச்சம் நிற்பது.

25/
இப்போ அந்த அப்பாவுக்கு வருவோம். இவ்வளவு கதையும் ஓ.பி.யில் சொல்ல முடியாது, வெளியே முப்பது பேர் நின்றார்கள். சுருக்கமாகச் சொன்னேன்: "சார், யாரும் பார்க்காததால செலவு பண்ணலைனு சொல்றீங்க. செலவு பண்ணின ஊர்ல பார்க்க ஆள் வர இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. உங்க பொண்ணோட முட்டி விளையாட்டால கெடலை. சிமெண்ட் தரையும், எப்படி இறங்கணும்னு சொல்லித்தர ஆள் இல்லாததும் சேர்ந்து வந்த வலி இது."

26/
கல்லூரி நிர்வாகத்தில், பழைய மாணவர் சங்கத்தில், பெற்றோர் கூட்டத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு சின்னக் கோரிக்கை. கோடிக்கணக்கில் ஸ்டேடியம் கேட்கலை. வரிசை இதுதான்:

முதலில் ஒரு நல்ல கோச், அவருக்குச் சம்பளம், அவரை அஞ்சு வருஷமாவது மாற்றாமல் இருக்கும் பொறுமை. குதித்து இறங்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தாலே முழங்கால் தசைநார் கிழிவதைக் கணிசமாகக் குறைக்கலாம். இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.
அடுத்து தரை.
அடுத்து வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை.
கேலரி கடைசியாகப் போதும்.

27/
அந்தப் பொண்ணு கிளம்பும்போது கேட்ட ஒரே கேள்வி: "எப்ப சார் மறுபடி குதிக்கலாம்?" மூணு மாசப் பயிற்சி அட்டவணை எழுதிக் கொடுத்தேன். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த விசிட்டுக்கு இரண்டு பேரும் வரணும் என்று சொல்லியிருக்கேன்.

உங்க வீட்டில் அல்லது தெருவில் விளையாடுற பொண்ணு யாராவது இருந்தால், இந்த வாரம் ஒரு மேட்ச்சாவது போய் உட்கார்ந்து பாருங்க.